மிளகு தட்டிய கதவு

மாசிக் கடைசியில் மாரமங்கலத்துக்குப் போயிருந்தேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, ஏற்காட்டைத் தாண்டி இறங்கும் சாலை. காப்பிப் பழம் பறிப்பு ஓய்ந்துவிட்டது. சில்வர் ஓக் மரங்களைக் கட்டிப்பிடித்து ஏறியிருக்கும் கொடிகளில் மிளகு முற்றியிருந்தது. தெரிந்தவர் வீட்டு வாசலில், சாக்குப் படுதாவின்மேல் பறித்த சரங்களைக் குவித்து, ஒரு வயதான அம்மா காலால் மிதித்துக்கொண்டிருந்தார். குதிகாலை ஊன்றி, பாதத்தை மெல்லத் திருப்புவார். காம்பை விட்டுப் பச்சை மணிகள் பொலபொலவென்று உதிரும். பாதத்தை எடுக்கும்போது அடிப்பாகம் தெரிந்தது. பழைய பலாப்பலகைபோல வெடித்து, மிளகுச் சாறு ஏறிக் கறுத்த தோல்.

என்னோடு வந்திருந்த என் அண்ணன் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். முகப்பருவுக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த ஜெல்லை மூன்று வாரமாக இரவில் பூசி வந்தாள். மூக்கோரமும் மோவாயும் சிவந்து, மெல்லிய சருகுபோலத் தோல் உரிந்துகொண்டிருந்தது. சும்மா உட்காரத் தெரியாத பெண். அவளும் உட்கார்ந்து சரத்தை உருவ ஆரம்பித்தாள். கால் மணி நேரம் போயிருக்காது, புறங்கையால் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"ஐயோ சித்தப்பா, எரியுது!"

தண்ணீர்க் குடத்தை நோக்கி ஓடியவளை அந்த அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். "தண்ணிக்குப் போவாது கண்ணு. எண்ணெயத் தொட்டு வழிச்சு எடு." உள்ளே போய்த் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, விரலில் தொட்டு, பழைய வேட்டித் துணியால் தானே மெல்ல ஒற்றி எடுத்தார். பிறகு முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மூஞ்சியில தோலே இல்லாம வந்திருக்கியே, என்னத்தப் பூசுன?" என்றார்.

"பருவுக்கு மருந்து, ஆயா."

"மருந்தா இது! நெருப்பு."

அந்த இரண்டு பேச்சும் ஊர் திரும்பும்வரை எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. தோலே இல்லாமல் வந்திருக்கிறாய் என்றார். மருந்தை நெருப்பு என்றார். இரண்டும் எவ்வளவு துல்லியமான உண்மை என்பதைப் படிக்கப் படிக்க, நம் உடம்பின்மேல் ஒரு பக்தியே வந்துவிட்டது எனக்கு.

முதலில் தோல். நாம் தொட்டுப் பார்ப்பது உயிருள்ள தோலையே அல்ல. அதன்மேல் படிந்திருக்கும் இறந்த உயிரணுக்களின் அடுக்கைத்தான் தொடுகிறோம். முகத்திலும் கையிலும் சுமார் 15 முதல் 20 அடுக்குகள். எல்லாம் சேர்ந்தும் எழுதும் தாளின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். அணுக்கள் செங்கல்லாக நிற்க, இடையில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்று எண்ணெய்ப் பசையுள்ள சாந்து. அடியில் பிறக்கும் அணு மேலே ஏறி ஏறி, தன் உட்கருவையும் இழந்து, தட்டையாகிக் கடைசியில் செங்கல்லாகி நின்று உதிர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். மலையில் மண்சுவர் வீடுகளைப் பொங்கலுக்குப் பொங்கல் மெழுகுவார்கள். தோல் தன் சுவரை நாள் தவறாமல், நாம் தூங்கும்போதும், யாரையும் கேட்காமல் மெழுகிக்கொண்டே இருக்கிறது. உடம்பின் ஈரம் வெளியே போகாமலும், வெளியே உள்ள நஞ்சு உள்ளே வராமலும் காப்பது இந்தச் செத்த சுவர்தான். சாவைக் கொண்டு உயிரைக் காக்கும் இந்த ஏற்பாட்டை யோசித்தவனை என்ன சொல்லிக் கும்பிடுவது?

அந்தப் பெண் பூசியது ரெட்டினாய்டு வகை மருந்து. வைட்டமின் ஏ-யின் பிள்ளைகள் அவை. ட்ரெட்டினாயின், அடாபலீன் என்று பல பெயர்களில் வருகின்றன. தோலின் உயிரணுவுக்குள் நுழைந்து, உட்கருவில் இதற்கென்றே காத்திருக்கும் ஏற்பியில் போய் உட்கார்ந்து, எந்த மரபணு பேசவேண்டும், எது வாய்மூட வேண்டும் என்று உத்தரவு போடுகின்றன. அந்த ஏற்பியை 1987-ல் பிரான்சில் பியர் ஷாம்போனின் குழுவும், அமெரிக்காவில் ரொனால்ட் எவன்ஸின் குழுவும் தனித்தனியே கண்டுபிடித்தன. உத்தரவு போனதும் அடியில் அணுக்கள் வேகமாகப் பிறக்கின்றன. மேலே உள்ள செங்கற்களின் பிடி தளர்ந்து, மயிர்க்கால்களை அடைத்திருந்த எண்ணெய்ப் பசையும் செத்த தோலும் கழன்றுவிடுகின்றன. பருவுக்கு அதுதான் வைத்தியம். ஆனால் முதல் சில வாரங்களில் சுவர் மெலிந்துபோகிறது. ஈரம் கசிகிறது. சுவர் மெலிந்த வீட்டில் மழையும் வரும், பூரானும் வரும். நேற்றுவரை கன்னத்தை ஒன்றும் செய்யாத சோப்பு, எலுமிச்சைச் சாறு, மிளகுத் தூசு எல்லாம் இன்று உள்ளே போய்க் குத்துகின்றன. திருப்பிப் பார்த்தாலும் அப்படியே. முகத்தைக் காரமான சோப்பால் தேய்த்துத் தேய்த்துச் சாந்தைக் கரைத்துவிட்டு அதன்மேல் ரெட்டினாய்டு பூசினால், மருந்து வேண்டியதற்கு மேல் உள்ளே இறங்கிப் புண்ணாக்கும். எது முன்னே, எது பின்னே என்றில்லை. ஒன்று உடைத்த வழியில் மற்றொன்று நுழைகிறது.

ஆயா சொன்ன 'தோலே இல்லாம' இதுதான். 'நெருப்பு' என்றாரே, அது இதைவிட ஆச்சரியம்.

நம் தோலில் முடியும் நரம்பு நுனிகளில் நெருப்பை அறிவதற்கென்றே ஒரு சிறு கதவு இருக்கிறது. டி.ஆர்.பி.வி.1 என்பது அதன் பெயர். சுமார் 43 டிகிரி செல்சியஸ் சூடு பட்டால் அது திறந்துகொள்ளும், நாம் கையை இழுத்துக்கொள்வோம். மிளகாயின் காரப்பொருளும் சூடு எதுவும் இல்லாமலே அதே கதவைத் திறந்துவிடுகிறது. காரத்தை எல்லா ஊரிலும் 'எரியுது' என்று சொல்வது உவமை அல்ல, நரம்புக்குத் தெரிந்த நிஜம். இந்தக் கதவை 1997-ல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் மிளகாயை வைத்தே தேடிக் கண்டுபிடித்தார்கள். 2021-ல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. மிளகின் காரப்பொருளான பைப்பரினும் அதே கதவைத் தட்டும். புளிப்பும் தட்டும். எலுமிச்சைச் சாற்றைப் பருவில் வைத்தவர்களுக்குத் தெரியும்.

2013-ல் வெளியான ஓர் ஆய்வு ரெட்டினாய்டுகளை எலிகளில் சோதித்தது. ரெட்டினாய்டுகளும் நேராக இந்தக் கதவையே திறக்கின்றன என்று தெரிந்தது. அந்தக் கதவு இல்லாத எலிகளுக்கு அந்த வலி வெகுவாகக் குறைந்தது. அதாவது, மருந்து பூசிய கன்னத்தில் மிளகுத் தூசு பட்டபோது, மெலிந்த சுவர் வழியாக ஏதோ நுழைந்தது மட்டும் நடக்கவில்லை. ஒரே கதவை இருவர் ஒரே நேரத்தில் தட்டியிருக்கிறார்கள். மருந்து ஏற்கனவே கைவைத்திருந்த தாழ்ப்பாளில் மிளகும் கைவைத்தது. மாரமங்கலத்து வாசலில் வந்த அந்த 'ஐயோ'வுக்கு இரண்டு காரணங்கள்.

எண்ணெய் வைத்தியமும் இதோடு பொருந்துகிறது. மிளகின் காரம் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். தண்ணீர் ஊற்றினால் பரவத்தான் செய்யும். மிளகு மிதித்த குடும்பங்களின் கைப்பக்குவம் அது.

எல்லா உறுத்தலும் இந்தக் கதவைத்தான் தட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் ஒற்றையடிப் பாதையில் நடந்தவர்களுக்குச் செந்தட்டியைத் தெரியும். காஞ்சொறி என்றும் சொல்வார்கள். இலையைத் தொட்டால் தெரியாது, எடுத்த பிறகுதான் சுரீர் என்று ஏறும். அதன் ஒவ்வொரு முடியின் நுனியிலும் கால்சியம் ஆக்சலேட் படிகத்தால் ஆன ஓர் ஊசி. அதில் நஞ்சு வழிந்து இறங்க ஒரு பள்ளம். ஊசி மருத்துவம் தோன்றுவதற்கு எத்தனையோ காலம் முன்பே வேலியோரத்துக் கொடி ஒன்று ஊசி செய்துவைத்திருக்கிறது. பூனைக்காலி வேறு வழியில் வேலை செய்யும். அதன் காயில் பொன்னிறமாகப் படிந்திருக்கும் சுணையில் புரதத்தை வெட்டும் ஒரு நொதி இருக்கிறது. அது அரிப்பின் கதவைத் தட்டுகிறது. அரிப்புக்குச் சொறியும் கை, எரிச்சலுக்கு விலகும் கை என்று இரண்டையும் தனித்தனியே பிரித்துவைத்த அறிவு என் தோலுக்குள்ளேயே இருக்கிறது. நான் இத்தனை வயது வாழ்ந்து அதை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

ரெட்டினாய்டுக்கு வருவோம். அது முகத்துக்குப் பூசும் பசை என்று மட்டும் நினைப்பவர்களுக்கு ஒரு தவளைக் கதை சொல்ல வேண்டும். 1992-ல் புவனேஸ்வரத்தின் உத்கல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரியம்பதா மொகந்தி ஹெஜ்மாடியும் அவர் குழுவினரும் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்த அம்மையார் புகழ்பெற்ற ஒடிசி நடனக் கலைஞரும்கூட. நம் நாட்டுத் தவளை ஒன்றின் தலைப்பிரட்டைகளின் வாலை வெட்டி, வைட்டமின் ஏ கலந்த நீரில் விட்டார்கள். வால் முளைக்க வேண்டிய இடத்தில் கால்கள் முளைத்தன! தாயின் வயிற்றில் ஒரு கருவுக்குத் தலை எங்கே, கை எங்கே, முதுகு எங்கே என்று இடம் காட்டும் மூலப்பொருட்களில் வைட்டமின் ஏ-யிலிருந்து பிறக்கும் ரெட்டினாயிக் அமிலமும் ஒன்று. கண்ணில் ஒளியை முதலில் தொடுவதும் அதே வைட்டமினின் இன்னொரு வடிவம்தான். இருபது கரி அணுக்களைக் கோத்த ஒரு சிறு சங்கிலிக்கு இத்தனை பொறுப்பு. இதனால்தான் கருவுற்ற பெண்களும், கருவுற நினைப்பவர்களும் ரெட்டினாய்டு மாத்திரையைத் தொடவே கூடாது என்றும், பூசும் ரெட்டினாய்டையும் தவிர்க்க வேண்டும் என்றும் மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். கருவுக்கு வழி காட்டும் பொருளை அளவு மாற்றிக் கொடுத்தால் வழியே மாறிவிடும்.

தவளையிலிருந்து தேரைக்குப் போகலாம். வைட்டமின் ஏ மிகுந்தால் இப்படி, குறைந்தால் எப்படி? 1933-ல் கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்ற மருத்துவர், சரியான உணவில்லாதவர்களின் முழங்கையிலும் தொடையிலும் மயிர்க்கால்தோறும் முள்முள்ளாகத் தோல் தடித்திருப்பதைப் பற்றி எழுதி, அதற்குக் கிரேக்க மொழியில் 'தேரைத் தோல்' என்று பொருள்படும் பெயரை வைத்தார். நம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடமும் அது அந்நாளில் நிறையவே காணப்பட்டது. 1918-ல் சேலத்தில் பிறந்து, இந்திய ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கே தந்தையாகப் போற்றப்பட்ட டாக்டர் சி. கோபாலன் இளமையில் ஆராய்ந்தவற்றில் இந்தத் தேரைத் தோலும் ஒன்று. வைட்டமின் ஏ மட்டும் அல்ல, நல்ல கொழுப்பும் பி வகை வைட்டமின்களும் குறைந்தாலும் இது வரும் என்று பிற்பாடு தெளிவானது. வைட்டமின் ஏ தோலோடு நிற்பதும் இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் திருச்சி மாவட்டத்தில் 15,419 சிறு குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே சாவு 54 சதவீதம் குறைந்தது. 1990-ல் வெளியான அந்த ஆய்வை நினைத்தால், பலாச்சுளையின் மஞ்சளையும் முருங்கைக்கீரையையும் வேறு கண்ணோடுதான் பார்க்கத் தோன்றும். கீரையிலும் பழத்திலும் இருக்கும் கரோட்டினை நம் குடலே வைட்டமினாக மாற்றிக்கொள்கிறது.

பருவுக்கு வைட்டமின் ஏ அமிலத்தைப் பூசலாம் என்பதை 1969-ல் விரிவாக எழுதி உலகறியச் செய்தவர் ஃபிலடெல்ஃபியாவின் ஆல்பர்ட் கிளிக்மன். அதே கிளிக்மன் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலைப் பல ஆண்டுகள் சோதனைக்கூடமாக்கியவர். அந்த மனிதர்களின் முதுகு பட்ட வேதனையையும் சேர்த்துத்தான் நாம் இந்த மருந்தைக் கையில் எடுக்கிறோம். அதை மறந்துவிட்டு இதன் பெருமையை எழுத என்னால் முடியவில்லை.

உறுத்தலும் ரெட்டினாய்டும் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களில் என்னை அப்படியே நிறுத்திவைத்தது ஒரு விதை. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். கார்போகரிசி. கறுத்து, சற்றே நீண்டு, கையில் எடுத்தால் ஒரு பிசினும் ஒரு கசப்பு வாசமும். குளியல் பொடிக்கு அரைக்கும் பெண்கள் பலர் ஒரு கைப்பிடி சேர்ப்பார்கள். சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்கு இது பழைய மருந்து. 1966-ல் புணேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் சுக்தேவ் குழுவினர் இந்த விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, அதன் வடமொழிப் பெயரான பாகுசியை ஒட்டி 'பாகுசியோல்' என்று பெயரிட்டார்கள். பார்வைக்கு, வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ரெட்டினாலோடு எந்த ஒற்றுமையும் இல்லாத மூலக்கூறு. ஆனால் தோலுக்குள் அது எழுப்பும் மரபணுக்கள் பலவும் ரெட்டினால் எழுப்புபவையே. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் 44 பேர் 12 வாரம் இந்த இரண்டில் ஒன்றைப் பூசினார்கள். சுருக்கமும் கருமையும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரேபோலக் குறைந்தன. உரிதலும் குத்தலும் ரெட்டினால் பூசியவர்களுக்கே அதிகம்.

இதோடு முடியவில்லை. அதே விதைக்குள் சோரலின் என்ற பொருளும் இருக்கிறது. அது வெயிலுக்காகக் காத்திருக்கும் உறுத்தல். தோலில் பூசிக்கொண்டு வெயிலில் போனால் சிவந்து, கொப்புளித்து, கருந்தழும்பாகிவிடும். வெண்புள்ளியில் நிறத்தை வரவழைக்க வைத்தியர் வெயிலையும் சேர்த்துச் சொல்வது இந்தக் குணத்தை நம்பித்தான். ரெட்டினால்போல் தோலைத் திருத்தும் சாது ஒருவனும், வெயிலைக் கண்டால் சீறும் ஒருவனும் ஒரே உமிக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் ஆய்வகத்தில் தனித்தனிக் குப்பிகளில் வைத்துப் பயப்படுவதைப் படைப்பு ஒரு விதையில் சேர்த்து முடிந்து வைத்திருக்கிறது. கார்போகரிசியை வீட்டில் அரைத்து முகத்தில் பூசிக்கொண்டு ஏற்காட்டுப் படகுத்துறையில் நிற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மலையில் குளிர் இருப்பதால் வெயில் உறைப்பது தெரியாது. ஆனால் ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. ஏற்காடு கடல் மட்டத்துக்குமேல் சுமார் 1,500 மீட்டர்.

வெளிச்சத்துக்கும் ட்ரெட்டினாயினுக்கும் ஆகாது. வெளிச்சம் பட்டால் அதுவே சிதையும். அதனால்தான் இரவில் பூசச் சொல்கிறார்கள். பருவுக்கே தரும் பென்சாயில் பெராக்சைடும் அதைச் சிதைத்துவிடும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பூசியவருக்கு மருந்து போய் உறுத்தல் மட்டும் மிஞ்சும். அடாபலீன் அதோடு ஒத்துப்போகும் குணமுடையது.

எனக்குத் தாளாத வருத்தம் ஒன்று உண்டு. ரெட்டினாய்டின் எரிச்சலை அடக்க ஸ்டீராய்டைக் கலக்கலாம் என்று 1975-ல் கிளிக்மனே ஒரு கலவை சொன்னார். கரும்படலத்துக்கு, சில வாரங்களுக்கு மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் பூச வேண்டியது. நம் ஊரில் அந்தக் கலவையின் வழித்தோன்றல்கள் 'வெள்ளையாக்கும் க்ரீம்' ஆகி, பெட்டிக்கடைப் பக்கம்வரை வந்துவிட்டன. ஸ்டீராய்டு கதவின் ஓசையை அமுக்கிவிடும். எரியவில்லை என்பதால் நல்லது என்று நம்பி மாதக்கணக்கில் பூசுகிறார்கள். தோல் மெலிந்து, இரத்த நாளம் தெரிந்து, நிறுத்தினால் முகமே தீயாகிறது. தோல் மருத்துவர்கள் பல ஆண்டு போராடி, 2018-ல் 14 வகைப் பூசும் ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டன. கறுப்பாகப் பிறந்த நம் பிள்ளைகளின் அழகான முகத்துக்கு இந்தக் கொடுமையை நாமே செய்துகொள்கிறோம்.

அண்ணன் மகளை அவளுடைய மருத்துவரிடம் மறுபடி அனுப்பினோம். மருந்தை நிறுத்தவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு, முகம் கழுவி ஈரம் நன்றாக உலர்ந்த பிறகு. அதற்கு முன்னும் பின்னும் வாசனையில்லாத ஈரப்பசை. சோப்பு, எலுமிச்சை, உப்புத்தாள் போன்ற தேய்ப்பான்கள் வேண்டாம். பகலில் வெயில் காப்பு. சுவர் தன்னைத் தானே கட்டிக்கொள்ள இந்த இடைவெளிதான் வேண்டியிருந்தது. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தோல் பழகிவிடும் என்றார் மருத்துவர். மிளகாய்க் காரத்துக்குத் திறந்து திறந்து நரம்புக் கதவும் ஓய்வதுண்டு. மருந்துக்குத் தோல் பழகுவது அது மட்டும் அல்ல, அணுக்கள் மொத்தமாகப் புது ஒழுங்குக்கு வருவது. ஆயாவின் பாதத்தில் நடந்ததோ இன்னொன்று. அழுத்தியும் உரசியும் வாழ்ந்த இடத்தில் உடம்பு தானே சுவரைத் தடிக்கக் கட்டிக்கொண்டது. இத்தனை வகையாகப் பழகத் தெரிந்த ஓர் உறுப்பைப் பற்றி, இரண்டு நாள் எரிந்தால் 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். சிலருக்கு உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாது என்பதும் சரிதான். அதை மருத்துவர் கண்டு சொல்வார்.

கிளம்பும்போது ஆயா அரைப்படி மிளகை முந்தானையிலிருந்து எடுத்து, காகிதத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். அது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. சித்திரைக் கடைசியில் ஒருநாள் இரவு பத்தரைக்குப் போன் வந்தது.

"சித்தப்பா, இன்னைக்குப் பூசினேன். எரியவே இல்ல."

"மிளகு தொட்டியா?"

"ரசத்துக்கு அரைச்சேன். எண்ணெய் தொட்டுக் கையத் துடைச்சு, அப்புறம் கழுவிட்டுத்தான் பூசினேன். ஆயாகிட்ட சொல்லுங்க."